அயற்கோழியும் லயத்து வாசலும்: மலைநாட்டு வரலாற்றில் ஓர் எல்லைப் பிரச்சினை

அரசர்தம் படையெடுப்புகளையும் ஆட்சி மாற்றங்களையும் வரலாறென எழுதிவந்த மரபு, வீட்டு வாசலில் எழும் பூசல்களைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. ஆயினும் நிலம் யாருக்குரியது, அதன் எல்லை எது, எல்லை மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்னும் வினாக்கள் அரசவைகளில் எழுவதற்கு முன்னரே அயலவரிடையே எழுந்துவிடுகின்றன. அவற்றை எழுப்புவதிற் கோழிக்கு நிகரான உயிர் வேறில்லை எனலாம். மாட்டைக் கட்டி வைக்கலாம். ஆட்டுடன் மேய்ப்பவன் செல்வான். கோழியோ காலையிற் கூடு திறந்ததும் தன் இரையைத் தானே தேடிப் புறப்பட்டு, அந்தியில் தானே திரும்புகின்றது. இடைப்பட்ட பொழுதில் அது யாருடைய நிலத்தைக் கிளறுகின்றது என்பதே வழக்கு.

இவ்வழக்கு உலகெங்கும் உண்டு. ஆனால் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் அது தனித்ததொரு வடிவம் பெற்றது. கினிகத்தேனையை அடுத்துள்ள பொல்பிட்டிய இதனை ஆராய்வதற்கு ஏற்ற நிலைக்களனாகும். பெயரே சிங்களத்தில் தென்னை நிலத்தைச் சுட்டுவது. கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையிலிருந்து இறங்கிக் கூடிக் களனி கங்கையாகும் பகுதியை ஒட்டியது இவ்வூர். ஒருபுறம் தோட்டமும் வேலியுமுடைய சிங்களக் கிராமங்கள்; மறுபுறம் மேல்நோக்கி விரியும் தேயிலை மலைகளும் அவற்றிடையே தமிழ்த் தொழிலாளர் வாழும் லயங்களும்; இவற்றினிடையே 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 75 மெகாவாற் நீர்மின் நிலையம். கிராமம், தோட்டம், அரசு என்னும் மூவகை நில உடைமைகள் அருகருகே அமைந்த இத்தகைய சூழலில், கோழி கடக்கும் எல்லை வெறும் வேலி மட்டுமன்று. அது இரு வேறு சட்ட உலகங்களுக்கு இடைப்பட்ட எல்லையுமாகும்.

முன்றிலும் வேலியும்

தமிழர் வாழ்வில் மனைக்கோழி மிகப் பழையது. உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது. முருகனின் கொடி சேவற்கொடி. இவற்றினும் இங்கு நோக்கற்பாலது பட்டினப்பாலையில் வரும் ஒரு காட்சி. காவிரிப்பூம்பட்டினத்தில் முன்றிலில் உலர்த்திய உணவைக் கவர வந்த கோழியை, மனைமகளிர் தம் காதிலணிந்த கனத்த குழையைக் கழற்றியெறிந்து துரத்துகின்றனர். எறிந்த குழை, சிறுவர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதனை நகரின் செல்வச் செழிப்பைக் காட்டவே பாடினார். ஆயினும் சமூக வரலாற்றை ஆராய்வோருக்கு இக்காட்சி வேறொன்றையும் உணர்த்துகின்றது. கோழி வந்த இடம் அப்பெண்ணின் முன்றில். அதனைத் துரத்தும் உரிமை அவளுடையது. கோழி எவருடையதாயினும் நிலம் யாருடையது என்பதில் ஐயமில்லை.

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய செய்யுளொன்றில், வேலியருகே காட்டுப்பூனை வந்ததைக் கண்டு மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் உவமை வருகின்றது. மனை, வேலி, வேலிக்கு அப்பாலுள்ள பகை என்னும் ஒழுங்கு அங்கே புலனாகின்றது. முன்றில், படப்பை, கொல்லை, வேலி எனத் தமிழில் மனைசார் நிலத்திற்குப் பல சொற்கள் இருப்பதும் இவ்வொழுங்கின் பழமையைக் காட்டும்.

தமிழ்க் கிராமங்களில் அயலார் கோழியைக் கையாளும் முறைகள் இவ்வொழுங்கின் மேலேயே எழுந்தன. முதலாவது, அடையாளம். காலிற் கந்தல் துணி கட்டுதல், இறகிற் சாயமிடுதல் ஆகியவற்றால் எந்தக் கோழி யாருடையது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது, தடுப்பு. தென்னகத்தில் முள்வேலி, யாழ்ப்பாணத்தில் கிடுகும் பனையோலையும் கொண்டு நெருக்கமாக அடைத்த வேலி. நாற்றுப் பாத்தியைக் காக்க முள் பரப்புவதும், பறக்கும் கோழியின் ஒருபக்கச் சிறகை மட்டும் வெட்டி அதன் சமநிலையைக் குலைப்பதும் பொதுவழக்கு. மூன்றாவது, அடைப்பு. தமிழகத்திற் பஞ்சாரம் என்றும் யாழ்ப்பாணத்திற் கரப்பு என்றும் வழங்கும் கவிழ்கூடையினுள், விதைப்புக் காலத்தில் கோழியை அடைத்து வைப்பர். நான்காவது, பேச்சு. கோழியைக் கொன்றவன் அதன் விலையைக் கொடுப்பதும், கோழிக்குரியவன் அழிந்த பயிருக்கு ஈடுசெய்வதும் ஊர்ப்பெரியோர் முன்னிலையிற் பேசி முடிக்கப்பட்டன.

இந்நான்கினுள்ளும் இரண்டாவது முறைக்குச் சொந்த நிலம் வேண்டும். நான்காவது முறைக்கு இருதரப்பாரும் ஏற்கும் மன்றம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து என்ன நிகழும் என்பதே மலைநாட்டு வரலாறு எழுப்பும் வினா.

சட்டத்தின் கண்ணிற் கோழி

உரோமச் சட்ட அறிஞர் கோழியை மறந்தாரல்லர். கி.பி. 533இல் வெளியான யஸ்ரீனியன் பேரரசனின் சட்ட நூலான நிறுவனங்கள், கோழியும் வாத்தினப் பறவையும் இயல்பிற் காட்டுயிர்கள் அல்ல என்று வகுத்தது. தேனீயும் புறாவும் திரும்பிவரும் பழக்கத்தை இழந்தாற் பிறர் கைப்பற்றத்தக்கனவாகிவிடும். கோழி அவ்வாறன்று. அது அச்சுறுத்தப்பட்டுப் பறந்து உரிமையாளனின் கண்ணுக்கெட்டாத இடத்துக்குச் சென்றுவிட்டாலும் அவனுடையதே. ஆதாயம் கருதி அதனைப் பிடித்து வைப்பவன் திருடனாவான். இவ்விதியின் பின்னணியிலுள்ள உலகியல் அறிவு மனங்கொள்ளத்தக்கது. அலைவது கோழியின் இயல்பு. அலைவதால் அது உடைமை நிலையை இழப்பதில்லை.

பன்னிரு பலகைச் சட்டக் காலத்திலிருந்தே உரோமர், விலங்கு விளைத்த சேதத்துக்கு அதன் உரிமையாளன் ஈடுசெய்ய வேண்டும் அல்லது விலங்கையே ஒப்படைக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டிருந்தனர். பிற்கால அறிஞர் இதனை, விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்த சந்தர்ப்பங்களுக்கென வரையறுத்தனர். உதைக்கும் குதிரைக்கு இது பொருந்தலாம். நிலத்தைக் கிளறும் கோழியோ தன் இயல்பை மீறவில்லை, இயல்பையே செய்கின்றது. பிறர் நிலத்தில் மேய்ந்த விலங்குகளுக்கென உரோமர் வேறொரு வழக்குமுறையை வைத்திருந்தமை இதனாலேயே பொருள்பெறுகின்றது.

இச்சட்ட மரபு இலங்கைக்குப் புறம்பானதன்று. ஒல்லாந்தர் கொணர்ந்த உரோமன் டச்சுச் சட்டத்தைப் பிரித்தானியர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் கரையோரப் பகுதிகளிற் பேணினர். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டிச் சட்டம் விடை கூறாத விடயங்களிற் கரையோரச் சட்டத்தை மலைநாட்டுக்கும் விரித்தது. ஆகவே, கோட்பாட்டளவிலேனும், பொல்பிட்டியக் கோழியொன்றின் உடைமை பற்றிய வினாவுக்கு உரோம நூலோரின் சிந்தனை விடையாக அமையக்கூடும்.

ஆங்கிலச் சட்டம் வேறு வழியிற் சென்றது. 1907இல் விசாரிக்கப்பட்ட வழக்கொன்றில், நெடுஞ்சாலையில் நின்ற கோழி நாயால் அச்சுறுத்தப்பட்டுப் பறந்து மிதிவண்டிச் சக்கரத்தினுள் சிக்கியது. ஓட்டியவர் வீழ்ந்து காயமுற்றார். கோழிக்குரியவர் பொறுப்பாளி அல்லர் எனத் தீர்ப்பாயிற்று. 1948இல், பயற்றங்கதிரைத் தின்ற அயலாரின் பந்தயப் புறாக்களைச் சுட்ட விவசாயி ஈடுசெய்ய வேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பயிரைக் காக்கச் சுடுவதன்றி வேறு வழியில்லை என்பதை அவர் நிறுவவில்லை என்பதே காரணம். 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் கோழி, தாரா, வான்கோழி முதலியவற்றையும் கால்நடை என்னும் வரைவிலக்கணத்துள் அடக்கி, அவை பிறர் நிலத்துட் புகுந்து விளைக்கும் சேதத்துக்கு வைத்திருப்பவரைப் பொறுப்பாக்கியது.

குடியேற்ற நாடுகளுக்கென ஆங்கிலேயர் இயற்றிய சட்டங்களிலோ கோழிக்கு இடமில்லை. இந்தியாவின் 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறற் சட்டம் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு எனப் பட்டியலிட்டது, கோழியைக் குறிப்பிடவில்லை. பயிர் மேய்ந்த மாட்டைப் பிடித்துக் கொண்டித்தொழுவில் அடைக்கலாம். கோழியை அடைக்கத் தொழு இல்லை. இலங்கையில் 1876இல் இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறற் கட்டளைச் சட்டமும், அத்துமீறிய விலங்கைப் பிடித்து வைக்கவும் சேதத்தை மதிப்பிட்டு ஈடுபெறவும் வழிவகுத்தபோது நாற்கால் விலங்குகளையே மனத்திற் கொண்டது. இதற்குக் காரணம் வெளிப்படை. சட்டம் பெருநிலத்தைக் காக்க எழுந்தது. கோப்பிச் செடியை அழிப்பது மாடு. கோழி அழிப்பது ஏழையின் கீரைப்பாத்தியை.

மலைநாட்டில் எல்லைகள் பிறந்தமை

மலைநாட்டில் வேலியும் எல்லையும் புதுப்பொருள் பெற்ற ஆண்டு 1840 எனலாம். அவ்வாண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில அத்துமீறற் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் சேனைநிலமும் தக்க உரிமை நிறுவப்படாதவிடத்து அரசுக்குரியவை என அனுமானித்தது. கண்டிக் கிராமத்தார் தலைமுறைகளாக மாடு மேய்த்த காடுகள் அரசுக்குரியனவாகிக் கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. முன்னர் மேய்ச்சலுக்குச் சென்ற எருமை, எதிலும் மாற்றமின்றி அதே வழியில் நடந்து, அத்துமீறும் விலங்காயிற்று. மாறியது எருமையின் நடையன்று, நிலத்தின் உடைமை. தோட்டத்துரைமாருக்கும் சிங்களக் கிராமத்தாருக்கும் இடையே மாடுகளைக் குறித்து எழுந்த நெடும்பகையின் வேர் இதுவாகும்.

1869இற் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலைக்கு நிலையாகக் குடியிருக்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். தென்னிந்தியத் தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்திலேயே லயங்களிற் குடியமர்த்தப்பட்டன. லயன் என்னும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்த லயம், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான காம்பராக்களை வரிசையாகக் கொண்டது. காம்பரா போர்த்துக்கேயச் சொல். அதன் முன்னுள்ள இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல். மனைசார் நிலத்துக்குப் பல சொற்களைத் தம்முடன் கொண்டுவந்த மக்களின் குடியிருப்பில், இருப்பிடத்தின் உறுப்புகள் பிறமொழிப் பெயர்களையே ஏற்றன. முன்றில் என்னும் பொருளுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. இஸ்தோப்பின் முன்னுள்ள வாசல் பத்துக் குடும்பங்களுக்கும் பொது. அதற்கு அப்பாலுள்ள கானும் நிலமும் தோட்டத்துக்குரியவை.

அயற்பகை தீர்க்கும் மன்றங்களிலும் இதே வேறுபாடு காணப்பட்டது. 1871ஆம் ஆண்டுக் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் பழைய கம்சபாவுக்குப் புத்துயிர் அளித்தது. வேலி, மாடு, சிறுகடன் பற்றிய வழக்குகளைக் கிராமத்தார் குறைந்த செலவில் தம்மூரிலேயே தீர்த்துக்கொள்ள அது வழிசெய்தது. தோட்டத் தொழிலாளர் இவ்வமைப்புக்குப் புறத்தே நின்றனர். 1930களின் இறுதியில் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்திற் குடியிருந்த தொழிலாளருக்குக் கிராமக்குழு வாக்குரிமை மறுக்கப்பட்டமை இந்திய அரசாங்கத்துடன் பெரும் பிணக்கையே விளைத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இவ்வாறு வேலியிட நிலமும், முறையிட மன்றமும், ஊரவர் என்னும் தகுதியும் இல்லாத மக்களிடையே கோழிகள் திரிந்தன.

லயத்துக் கோழி

கோழி வளர்ப்பு லயத்து வாழ்வில் எவ்விடம் பெற்றது என்பதை அறியக் கூலியை நோக்குதல் வேண்டும். 1927ஆம் ஆண்டின் சட்டப்படி 1929 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பெண்ணின் கூலியைப் பெரும்பாலும் கணவனோ தந்தையோ பெற்றுக்கொண்டான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984இலேயே வந்தது. இந்நிலையிற் பெண்ணின் கைக்கு நேரே வரக்கூடிய சிறுகாசு முட்டையிலிருந்தும் குஞ்சிலிருந்துமே கிடைத்தது. மாட்டுக்குப் பட்டியும் புல்லும் வேண்டும். ஆடு தேயிலைக்கும் நிழல்மரக் கன்றுக்கும் பகை எனத் துரைமார் வெறுத்தனர். கோழிக்கோ இஸ்தோப்பின் மூலையும் இரவுக்கொரு கூடையும் போதும். தீவனம் அதுவே தேடிக்கொள்ளும். வாசலெங்கும் அலைவதே அதன் உணவு முறை. ஆதலின் அலையவிடாது வளர்ப்பது ஏழைக்கு இயலாததாயிற்று.

சமயமும் கோழியை வேண்டியது. கவ்வாத்துத் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்கும், தொழிற்சாலைச் சக்கரங்களைக் காக்கும் ரோதமுனிக்கும் சேவற்பலி இடுவது தோட்டங்களில் வேரூன்றிய வழக்கம். மாடசாமிக்கோ முனியாண்டிக்கோ நேர்ந்துவிட்ட சேவல் காணாமற்போனால் அது பொருளிழப்பு மட்டுமன்று. நேர்த்தி தவறிய குற்றமுமாகும். அயல்வீட்டான் மேற் சந்தேகம் எழுந்தாற் பகை இரட்டித்தது.

பெருந்தோட்ட அமைப்பிற் கோழி இத்தகைய இடம்பெறுவது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1692ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைகள் வைத்திருந்த குதிரை, மாடு, பன்றி ஆகியவற்றைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. கோழியைக் கூறாது விட்டது. 1798இல் யோர்ச் வாசிங்டனின் மவுண்ட் வேர்ணன் பண்ணையைக் கண்ட போலந்து நாட்டவரான நியெம்செவிச், அங்குள்ள அடிமைக் குடிசைகளிற் கோழிகளும் குஞ்சுகளும் இருந்ததையும், தாராவும் வாத்தும் பன்றியும் வைத்திருக்க அவர்களுக்கு அனுமதியில்லாததையும், கோழிகளை அலெக்சாந்திரியா நகரில் விற்றதையும் பதிவு செய்துள்ளார். அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. தமிழ்த் தொழிலாளர் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஆயினும் இரு இடங்களிலும் உழைப்பவன் குடியிருந்த நிலம் உழைப்பிப்பவனுடையதாக இருந்தது. நிலம் வேண்டாத ஒரே செல்வமாகிய கோழி அவனுக்கு எஞ்சியமை இவ்வொப்புமையின் விளைவாகும்.

லயத்திற் கோழிப்பூசல் எழுந்த இடங்கள் மூன்று. ஒன்று, லயத்தின் பின்னோ பக்கத்திலோ நிருவாகத்தின் இசைவுடன் போடப்பட்ட மரக்கறிப் பாத்தி. இரவல் நிலமாதலின் நிலையான வேலியிட முடியாது. கம்பும் பழைய சாக்கும் கொண்டு தற்காலிகமாக அடைப்பதே இயலும். மற்றொன்று, இஸ்தோப்பு. சுவரொட்டிய காம்பராக்களில் ஒருவரது கோழி மற்றொருவரது அடுப்படியில் எச்சமிடுவது எளிது. மூன்றாவது, நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டில் இந்தியாவின் இராணிக்கேத்திலும் இனங்காணப்பட்ட வைரசு நோய் கூடித் திரியும் கோழிகளிடையே விரைந்து பரவவல்லது. ஒரு வீட்டுக் கோழி தூங்கத் தொடங்கினால் வரிசை முழுவதும் வெறுமையாகிவிடும். நோயின் வழி அறியாதபோது நஞ்சு வைத்தார்கள் என்ற பழி அயலவர்மேல் விழுதல் இயல்பே.

இப்பூசல்களைத் தீர்த்தவர் யார்? தொடக்கத்திற் கங்காணி. அவருக்கு மேற் கணக்கப்பிள்ளை. இறுதியில் துரை. இவர்களது தீர்ப்பு ஊர்மன்றத்தின் தீர்ப்பினின்றும் அடிப்படையில் வேறானது. ஊர்மன்றம் இருதரப்பினரின் உரிமையையும் எடைபோடும். துரையின் முன் எடைபோட உரிமையே இல்லை. இருதரப்பினரும் அவரது நிலத்தில் அவரது இசைவால் இருப்பவர்கள். ஆகவே தீர்ப்பு பெரும்பாலும் கட்டளையாகவே அமையக்கூடியது: கோழியைக் கூட்டில் அடை, அன்றேல் வளர்க்காதே. வாதியும் பிரதிவாதியும் ஒருசேர இழப்பதே இம்முறையின் பயன். தேயிலை நாற்றுமேடையைக் கோழி கிளறினால் அது அயற்பூசலன்று, நிருவாகத்துக்கு எதிரான குற்றம். ஒரே கோழி அயல்வீட்டுக் கீரையைக் கிளறும்போது அற்பமாகவும், தோட்டத்து நாற்றைக் கிளறும்போது பாரதூரமாகவும் ஆகியது இவ்வாறே.

இதனால் லயத்தவர் பூசலைத் துரையிடம் கொண்டுசெல்லாது தமக்குள்ளேயே முடிக்க முயன்றனர். பேசுவோர் அண்ணன், மதினி, மாமா, சித்தி என முறைவைத்து அழைக்கும் உறவினராகவோ, ஒரே கப்பலிலும் ஒரே கங்காணியின் கீழும் வந்த குடும்பத்தாராகவோ இருந்தனர். முட்டையொன்றைக் கொடுத்துச் சமாதானமாவதும், அடைக்கு வைத்துக் குஞ்சில் ஒருபங்கு தருவதும் அயலுறவைப் பேணும் வழிகளாயின. கோழி பகைக்கு மட்டுமன்றிக் கொடுக்கல் வாங்கலுக்கும் காரணமாயிற்று என்பது மறக்கத்தகாதது.

மன்றமும் காணியும்

1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதும், அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் எழுந்ததும் தோட்ட வாழ்வில் ஒரு திருப்பம். தோட்டந்தோறும் தொழிலாளர் தெரிந்தெடுத்த தலைவர் தோன்றினார். கூலியையும் வேலைநீக்கத்தையும் பற்றித் துரையிடம் வாதிட எழுந்த அப்பதவி, காலப்போக்கிற் லயத்துப் பூசல்களையும் விசாரிக்கும் பொறுப்பை ஏற்றது. தம்மால் தெரியப்பட்ட ஒருவர் முன் இருதரப்பினரும் நின்று பேசுவது, மன்றமில்லாத மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட மன்றமாகும். ஆனால் சங்கங்கள் பலவாகப் பிரிந்தபோது, அயல்வீட்டார் வேறு சங்கத்தவராயின் கோழிப்பூசலும் சங்கப்பூசலாகும் வாய்ப்பு ஏற்பட்டது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், லயத்து வாசல் தொழிலாளருக்கு உரியதாகவில்லை. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் இன வன்முறைகள் தோட்டங்களையும் தாக்கின. பொல்பிட்டிய போன்று கிராமமும் தோட்டமும் ஒட்டிக்கிடக்கும் பகுதிகளில், லயத்துக் கோழி கிராமத்துத் தோட்டத்துட் புகுந்ததால் எழும் சொற்போர்கூட எங்கே முடியுமோ என்ற அச்சத்துக்கு இடமளித்த காலம் அது. சம உரிமையில்லாதவரின் அயலுறவு எப்போதும் பணிவின் மேலேயே நிற்கவேண்டியிருக்கும் என்பதற்கு இது சான்று.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம், சிறு பிணக்குகளை வழக்கின்றித் தீர்க்க வழி திறந்தது. மறுபுறம், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணியாற்றுவதற்குத் தடையாக அமைந்திருந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கியது. கிராமத்து அயலவருக்கு 1871இற் கிடைத்த உள்ளூராட்சிச் சேவையின் நிழல் தோட்டத்து அயலவரைத் தொட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

நிலம் பற்றிய மாற்றமும் அண்மைக்காலத்ததே. லயத்துக்கு மாற்றாகத் தனிவீடும் அதனுடன் 7 பேர்ச்சஸ் காணியும் வழங்கும் கொள்கை 2015இன் பின் உருப்பெற்றது. இந்திய உதவியில் தோட்டங்களுக்கென 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே 12ஆந் திகதி நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2023ஆம் ஆண்டு மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டாக நினைவுகூரப்பட்டபோதும், காணியுரிமையே முதன்மைக் கோரிக்கையாக ஒலித்தது. பெருந்தொகையான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்ந்துவரும் நிலையில் அக்கோரிக்கை நியாயமானது.

ஏழு பேர்ச்சஸ் என்பது சிறுதுண்டு நிலமே. ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் வழியும் போக எஞ்சுவதிற் கோழிக்கூடொன்றும் கீரைப்பாத்தி இரண்டும் அமையலாம். அயலார் கோழி அங்கும் வரும். அங்கும் பூசல் எழும். காணி கிடைத்தால் அயற்பகை ஒழியும் எனக் கூறுவது பேதைமை. யாழ்ப்பாணத்து வேலிச்சண்டைகள் சொந்தக்காணி உடையோரிடையே எழுந்தவையே. ஆனால் அப்பூசலின் தன்மை வேறாகும். வேலியிடலாமா எனக் கேட்க வேண்டியதில்லை. யார் வேலியிடுவது என்பதே பேச்சாகும். கோழி வளர்க்கலாமா என ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எவ்வாறு வளர்ப்பது என்று அயலவரோடு பேச வேண்டியிருக்கும். முன்னது குடியிருப்பவனின் இரப்பு. பின்னது குடிமகனின் வழக்கு.

பட்டினப்பாலையின் பெண் எறிந்த குழை அவளது செல்வத்தைக் காட்டியது என்பர். மலைநாட்டு வரலாற்றின் வெளிச்சத்தில் நோக்கும்போது, அவளது செல்வம் குழையில் மட்டும் இருக்கவில்லை என்பது புலனாகும். கோழி வந்தால் துரத்துவதற்குத் தனக்கென ஒரு முன்றில் இருந்ததே அவள் பெற்ற பெருஞ்செல்வம். உரோம நூலோர் அலையும் கோழிக்கும் உரிமையாளன் உண்டு என்றனர். அது அலையும் நிலத்துக்கும் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்து உழைத்தவர் உரியவராதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு எஞ்சவிடும் கோரிக்கையாகும்.